தேனில் பூத்த வெள்ளை

என் பழைய நாட்குறிப்பு ஒன்றில், புரட்டாசி மாதத்துப் பக்கத்தின் மேல் தேன் சிந்திய கறை இருக்கிறது. முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த இடத்தில் தாள் தடித்துப் பழுப்பேறிக் கிடக்கிறது. கறைக்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி: "ஆராய்ந்தேன். உயிர் இல்லை. சர்க்கரை." நான் எழுதிய குறிப்புகளில் மிகச் சிறியது அது. மிகத் தவறானதும் அதுதான்.

அப்போது நான் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஓர் ஆங்கில டாக்டரின் மருந்துச் சாலையில் கம்பவுண்டராக இருந்தேன். மின்சார டிராம் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சாலையில் இன்னும் எருமைகள்தான் வழிவிட மறுத்தன. டாக்டருக்குப் பூஞ்சணங்களில் ஒரு மோகம் உண்டு. இந்த ஊர் ஈரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பெட்டியில் வைத்த செருப்பு மூன்றாம் நாள் பச்சைப் பசேலென்று இருக்கும். அவர் பித்தளை நுண்ணோக்கி ஒன்று வைத்திருந்தார். மாலையில் மருந்துச் சாலை மூடியபின் அதை நான் எடுத்துப் பார்க்க அனுமதி இருந்தது. அவர் அலமாரியில் இருந்த புத்தகங்களை நான் ஒன்றுவிடாமல் படித்திருந்தேன். அதனால் அக்கம்பக்கத்தில் எதன் மேல் எது பூத்தாலும் என்னிடம் கொண்டு வருவார்கள்.

தேக்கா சந்தைக்கு எதிர்வரிசையில் ஒரு தேன்கடை இருந்தது. கடைக்காரர் நாகப்பட்டினத்துப் பக்கத்துக் கரையோர முஸ்லிம். ஊரார் அவரைத் தேன்கார பாய் என்பார்கள். நான் மட்டும், அவர்கள் வழக்கில் அண்ணன் என்ற பொருளில், நானா என்று கூப்பிடுவேன். கப்பல் வருகிற நாளில் அவரே மாட்டுவண்டி பிடித்துத் தஞ்சோங் பகாருக்குப் போய், மெழுகு வைத்து வாய் அடைத்த மண்ஜாடிகளைத் தன் கையால் இறக்கி வருவார். அடுத்த நாள் காலை கடை வாசலில் சிறு கூட்டம் கூடிவிடும். மெழுகை உடைத்து, பிஸ்மில்லா சொல்லி, முதல் கரண்டித் தேனைத் தன் நாக்கில் விட்டுக்கொள்வார். அவர் கண்ணை மூடித் திறக்கும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். பிறகுதான் அடுத்தவருக்கு.

ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் மேல்தேனைக் கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் தனியே வைப்பார். அது விற்பனைக்கு இல்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க யார் வந்து கேட்டாலும் அதிலிருந்து கொடுப்பார். இந்துவோ முஸ்லிமோ, எங்கள் பகுதியில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நாக்கில் முதலில் பட்டது அந்தக் குப்பித் தேன். தெருவில் ஓடுகிற பிள்ளையைக் காட்டி, "இதுவும் நம்ம தேன் நக்குன வாயிதான். அதான் இம்புட்டுப் பேசுது" என்று சிரிப்பார். அவருக்குக் குழந்தை இல்லை.

அந்தப் புரட்டாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் சந்திலேயே குடியிருந்த சித்த வைத்தியர் ஒரு கிண்ணத்தோடு வந்தார். லேகியம் கிளற நானாவிடம் தேன் வாங்குகிறவர் அவர்.

"கம்பவுண்டரே, இதக் கொஞ்சம் பாருங்க. பாயோட புது ஜாடி. மேல மாவாட்டம் என்னமோ பூத்துக் கெடக்கு."

"தண்ணியில விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நூலாட்டம் நேரா கீழ எறங்குது. திரியில தோச்சுக் கொளுத்தினேன், நல்லா எரியுது. ரெண்டும் சரிதான். ஆனா அசல் தேன் பூக்காதய்யா. எங்க தாத்தா பிழிஞ்ச தேன் எங்கிட்ட இருக்கு. எனக்கு நரைச்சுப் போச்சு, அது இன்னும் அப்படியே இருக்கு."

தேன் மேல் மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் நறநறவென்றது. நான் செய்ததை இப்போதும் படிப்படியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஏட்டில் கடுகளவு எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் நன்றாக அலசினேன். அரிசியிலிருந்து வெற்றிலை வரை எதையும் அலசாமல் தொடாத வீட்டில் வளர்ந்தவன் நான். புத்தகமும் அப்படித்தான் சொல்லியிருந்தது. பிறகு கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். படிகங்கள் கரைந்து போயின. கிழிந்த தோல்போல் சில துணுக்குகள் மிதந்தன. உருளைக்கிழங்குச் சாற்றில் கடல்பாசி சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த தட்டில், அலசிய நீரைத் தூவிவிட்டு எட்டு நாள் காத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. உயிருள்ளது எதுவானாலும் முளைத்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. எனவே அது பூஞ்சணம் இல்லை. பூஞ்சணம் இல்லையென்றால், கரைந்துபோன அந்த வெள்ளை சர்க்கரை.

வைத்தியர் கேட்டபோது ஒரு துண்டுத் தாளில் அதை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் நானா மருந்துச் சாலைக்கு வந்தார். வழக்கமாகக் கதவருகிலேயே ஏதாவது கேலி பேசிக்கொண்டு வருகிறவர், அன்று நேரே மேசை முன் வந்து நின்றார்.

"தம்பி, நான் சர்க்கரை கலக்கறேன்னு எழுதிக் குடுத்தீங்களாமே."

"அப்படி எழுதல நானா. மேல இருக்கறது சர்க்கரைன்னுதான் எழுதினேன்."

"தேன்ல சர்க்கரை தானா வந்து குதிச்சிச்சா? போங்க, சந்தையில போயி உங்க வித்தியாசத்தச் சொல்லுங்க. எவன் கேக்குறான்னு பாப்போம்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் மொதல்ல நக்கிட்டுத்தான் அடுத்தவனுக்குக் குடுக்கறேன். நீங்க எனக்கு முன்னால வச்சுப் பாத்திருக்கலாம். அதுதான் எனக்கு வருத்தம்."

சமையலுக்கும் மருந்துக்கும் தேன் வாங்குகிறவர்கள் சில நாள் முணுமுணுத்துவிட்டு மறுபடி வாங்கத்தான் செய்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டார் மட்டும் வரவில்லை. சர்க்கரைப் பாகு என்று பேர் விழுந்த தேனைப் பிறந்த குழந்தை நாக்கில் யார் வைப்பார்கள்? அவர்கள் கடையைக் கடந்து சீனர் மருந்துக்கடைக்குப் போனார்கள். கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். நானாவின் பரண்மேல் அந்தக் கண்ணாடிக் குப்பி நிறைந்தபடியே இருந்தது. அதன் மூடிமேல் தூசி படிவதைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே என்னால் பார்க்க முடிந்தது. தினமும் கடையைத் துடைக்கிறவர், அந்த மூடியை மட்டும் துடைக்கவில்லை.

அந்த ஆண்டு தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பலகாரத் தட்டு நானா வீட்டுக்குப் போகும். பெருநாளைக்கு அவர் வீட்டுத் தட்டு எங்களுக்கு வரும். இந்தத் தடவை வேண்டாம் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது நான்கு மாதம்.

"ஏன்? அவங்க மூஞ்சியில முழிக்க உங்களுக்கு வெக்கமா?" என்றாள். "அப்ப நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

கொடுத்துவிட்டும் வந்தாள். நான்காம் நாள், பெருநாள் காலையில், பூவேலை செய்த துணி மூடி நானா வீட்டுத் தட்டு வந்து சேர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் வருவதுபோல் அதில் கடல்பாசி இருந்தது. நோன்பு திறக்கும்போது உண்ணும் தளதளப்பான கடல்பாசி அல்ல. வில்லைகளாக வெட்டி வெயிலில் காயவைத்து, மேலே சர்க்கரை பூத்து, கடித்தால் நொறுங்கி உள்ளே மெத்தென்று இருக்குமே, அது. எனக்கு அதில் பெரும் பிரியம் என்று நானாவுக்குத் தெரியும். வழக்கத்தைவிட நான்கு வில்லை கூடவே இருந்ததுபோல் பட்டது. ஒரு வில்லையை மட்டும் தாளில் மடித்து மருந்துச் சாலைக்கு எடுத்துப் போனேன். என் மேசையில் கிடந்த பேனாக்கத்தியால் அதை இரண்டாகக் கீறி, சாப்பிட மனம் வராமல், ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து மூடிவிட்டு வேலையில் மறந்துபோனேன். நானாவின் ஜாடித் தேனிலிருந்து வெள்ளை ஏட்டைச் சுரண்டியது அதே கத்தியால்தான். அது அப்போது என் நினைவில் இல்லை.

கார்த்திகை இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை, தட்டுகளைக் கழுவ எடுத்தபோது அதைப் பார்த்தேன். கத்தி கீறிய கோடு நெடுகிலும், வரிசையாக, கோலப்பொடி வைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். வேறு இடத்தில் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் எதன்மேலும் ஏறும் பச்சைப் பூஞ்சணம்கூட அதன்மேல் ஏறவில்லை.

வில்லையைத் தட்டோடு வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தேன்லேர்ந்து எடுத்தத என்ன செஞ்சீங்க?"

"தண்ணியில அலசினேன்."

"சரியாப் போச்சு. கடல் மீனப் புடிச்சுக் கெணத்துல விட்டுட்டு, மீனே இல்ல இதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

நான் படித்த புத்தகங்களில் எதுவும் அதை அத்தனை தெளிவாகச் சொல்லவில்லை.

அடுத்த நாள் முதல் எங்கள் அடுக்களை ஆய்வுக்கூடம் ஆயிற்று. எத்தனை பங்கு நீருக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்று நான் தராசோடு உட்கார்ந்தேன். அவள் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்டியைத் தூக்கி, பாகு விழுவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள்: இது பிசுக்குப் பதம், இது கம்பிப் பதம், இது உருட்டுப் பதம். ஒவ்வொரு பதத்திலும் கடல்பாசியைச் சேர்த்துத் தட்டில் ஊற்றினாள். சர்க்கரையே இல்லாமல் ஒன்றும் ஊற்றினாள். எல்லாவற்றிலும் அந்த வெள்ளையை, இந்தத் தடவை அலசாமல், ஊசிமுனையால் வைத்தேன். சர்க்கரை இல்லாத தட்டில் பச்சையும் கறுப்பும்தான் வந்தன. பிசுக்குப் பதத்தில் வெள்ளை தலைகாட்டிவிட்டு நின்றுபோயிற்று. கம்பிப் பதத்தில் அடர்ந்து படர்ந்தது. உருட்டுப் பதத்தில் மெல்ல, பிடிவாதமாக வந்தது. மற்றவை செத்துப்போகும் இனிப்பில்தான் அது பிழைத்தது.

கெட்டிப் பாகில் ஒரு துளி வைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது முதன்முறையாக அதன் முழு உருவம் தெரிந்தது. மெல்லிய நூல்கள், அவற்றின் ஓரத்தில் பழுப்பு உருண்டைகள், ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் சின்னஞ்சிறு உருண்டைகள் நெருக்கியடித்து, பூந்தி லட்டைப் போல. தண்ணீரில் வெடித்துத் தோலாக மிதந்தவை இவைதான். டாக்டர் வந்து பார்த்தார். தம் புத்தகங்கள் நான்கையும் மேசையில் பரப்பினார். எதிலும் இது இல்லை. அவருடைய முகத்தில் ஒரு சிறுவனின் சந்தோஷம் தெரிந்தது. இங்கிலாந்தில் இருக்கும் தம் நண்பரான ஒரு தாவர அறிஞருக்கு இதை அனுப்பிவிடலாம் என்றார். அடுத்த தபால் கப்பலில் அனுப்பினோம். பாகில் தோய்த்த கடல்பாசியை இட்ட குப்பியின் மேல், "தயவுசெய்து தண்ணீரில் அலச வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஆனால் என் கவலை வேறு. சுத்தத் தேனிலும் இது வளரும் என்று காட்டினால்தான் நானா மேல் விழுந்த பேர் போகும். வைத்தியரிடம் போய், அவர் தாத்தா பிழிந்த தேனில் ஒரு கரண்டி கேட்டேன். பத்து நாள் யோசித்துவிட்டுக் கொடுத்தார். அவர் கண்முன்னே அதில் ஊசியைத் தொட்டு வைத்து, அவர் கையாலேயே மூடி போட்டு, அவர் பெட்டியிலேயே பூட்டி வைக்கச் சொன்னேன். மார்கழி நடுவில் பெட்டியைத் திறந்தவர் தேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே அதே வெள்ளை.

"எங்க தாத்தா சர்க்கரை கலக்கலய்யா," என்றார் கடைசியில்.

"தெரியும் வைத்தியரே. பாயும் கலக்கல. அன்னைக்கு நான் கண்ட வெள்ளை இதுதான். நறநறன்னு இருந்து தண்ணியில கரைஞ்சது, தேனே மேல உறைஞ்சது. எங்கேருந்தோ ஜாடியில விழுந்திருக்கு. அவ்வளவுதான்."

எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு முழுத்தாளில் அழகாக எழுதி, கையெழுத்திட்டு, நானாவிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கிக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுத்து நல்லா இருக்கு. ஆனா சந்தையில யாரு இதப் படிக்கப்போறா? மொதத் தாளையும் யாரும் படிக்கல தம்பி. வாயாலதான் பரவிச்சு. வாயாலதான் போகணும். வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சு சனம் வரும். வந்து சொல்லுங்க."

கூட்டத்தின் முன் பேசி எனக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல், அவர் கடைப் படியில் ஏறி நின்று, நான் தப்பாகப் பார்த்தேன், பாயின் தேனில் சர்க்கரை இல்லை, தவறு என்னுடையதுதான் என்று சொன்னேன். தயார் செய்து வைத்திருந்த பாதி மறந்துபோயிற்று. "அப்ப அது என்னய்யா?" என்று ஒருவர் கேட்டார். பூஞ்சணம் என்றேன். "பூஞ்சணமா! சர்க்கரையே தேவலாமே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். பிறகு எல்லோர் முன்னிலும் புதிய ஜாடி ஒன்றை உடைத்து, முதல் கரண்டியைத் தம் நாக்கில் விட்டுக்கொண்டு, அடுத்த கரண்டியை என்னிடம் நீட்டினார். நான் சாப்பிட்டேன்.

அன்று நல்ல வியாபாரம். ஆனால் தை பிறந்தும் பரண்மேல் இருந்த குப்பி இறங்கவில்லை. எங்கள் சந்திலேயே இரண்டு பிரசவம் ஆயிற்று. இருவரும் சீனர் கடைக்கே போனார்கள். "கம்பவுண்டர் சொன்னது நெசமா இருக்கலாம், பிள்ளை விஷயமாச்சே" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை?

மாசியில் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. தம் உதவியாளர் வழக்கப்படி அலசப் போனதாகவும், குப்பியில் ஒட்டியிருந்ததைப் படித்து நிறுத்தியதாகவும் அந்த அறிஞர் எழுதியிருந்தார். இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்றும் எழுதியிருந்தார். லத்தீனில் ஒரு பெயர் வைத்திருந்தார். நான் முதலில் ஓடியது தேன்கடைக்கு. நானாவுக்கு அந்தப் பெயரை மூன்று தடவை சொன்னேன்.

"இதுல சிங்கப்பூர் இருக்கா?"

"இல்ல நானா."

"தேக்கா?"

"இல்ல."

"நல்லவேளை. இல்லாட்டி ஊரே தேன்ல பூத்ததுன்னு பேராயிடும்." சிரித்தவர், பரணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நான் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். அவருக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை.

பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை, விடிந்து ஒரு நாழிகையில், எங்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தான். மருத்துவச்சி, "சேனைக்குத் தேன் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும், உள்ளேயிருந்து என் மனைவியின் குரல், களைத்துப்போய், ஆனால் தெளிவாக வந்தது: "பின்பக்கச் சந்து வழியா போகாதீங்க. சந்தை வழியா போங்க."

சந்தை வழியாகவே போனேன். காலைக் கூட்டம் நிறைந்திருந்தது. கிண்ணத்தை மறைக்காமல், சாமி ஊர்வலத்தில் தட்டு ஏந்துகிறவன்போல் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். மீன்காரர் கேட்டார், காய்கறிக்காரி கேட்டாள், வைத்தியர் நின்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்: ஆண்பிள்ளை, சேனைக்குத் தேன் வாங்கப் போகிறேன், பாய் கடைக்கு.

நானா கடை திறந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முக்காலி போட்டு ஏறிக் குப்பியை இறக்கினார். மூடியில் படிந்திருந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்தார். ஒரு தடவை போதாதென்று மறுபடி துடைத்தார். திறந்ததும் உள்ளே குனிந்து பார்த்தார். தேன் தெளிவாக இருந்தது.

"பூக்கல," என்றார்.

"பூத்திருந்தாலும் வாங்கியிருப்பேன் நானா."

"வாங்கியிருப்பீங்க. உங்க சம்சாரம் உங்கள உள்ள விட்டிருக்குமா?"

கரண்டியால் தம் நாக்கில் ஒரு துளி விட்டுக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தார். பிறகு கிண்ணத்தில் ஊற்றினார். சேனைக்கு இரண்டு துளி போதும். அவர் கிண்ணம் நிறைய ஊற்றினார். விளிம்பு தாண்டி என் விரல்களிலும் வழிந்தது. அப்போது வைத்தியர் என் பின்னால் வந்து நின்றிருந்தார். இன்னும் சிலரும் நின்றார்கள்.

அந்த வாரக் கடைசியில், எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அந்தக் குப்பியிலிருந்து தேன் போயிற்று. சித்திரைக்குள் குப்பி காலியாகி, நானா அதைப் புதிய கப்பல் தேனால் நிரப்பினார்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் தையல்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நானா ஊருக்குப் போனவர் அங்கேயே அடங்கிவிட்டார். என் மகன் செம்பவாங்கில், கப்பற்படைத் தளம் எழும்பும் இடத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தால் வீடே அதிரப் பேசுகிறான். அவன் பேச்சு ஓயாதபோதெல்லாம் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது நாங்கள் இருவரும் நானா சொல்லியிருக்கக்கூடியதையே நினைத்துக்கொள்வோம்.

நாட்குறிப்பில் புரட்டாசி மாதத்து அந்த வரியை நான் அடிக்கவில்லை. அதே பக்கத்தின் ஓரத்தில், பங்குனித் திங்கட்கிழமை என்று போட்டு, "நானா கடையில் சேனைத் தேன் வாங்கினேன்" என்று எழுதினேன். கையைக் கழுவாமல் எழுத உட்கார்ந்ததில் பட்டதுதான் அந்தக் கறை.